சாவுக்கு மெதுவாக, ஆட்டத்துக்கு வேகமாக

1

கடலூர்த் துறைமுகத்தில் மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றும் என் அப்பா, கேட்பவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு வெளிநாட்டுல இருக்குது" என்கிறாராம். சிலோனா, பர்மாவா என்று அவர்கள் விசாரிப்பார்கள். புதுச்சேரி என்றதும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். நான் கடல் தாண்டவில்லை, பெண்ணையாற்றைத்தான் தாண்டினேன், அதிலும் பாதி வருடம் மணல்தான் என்பது உண்மை. ஆனால் இந்தப் பக்கம் கொடி வேறு, சட்டம் வேறு, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேருகிற வெளிநாடு என்றாலும் வெளிநாடு வெளிநாடுதான்.

நான் இங்கே குடிவந்து இந்த வாரத்தோடு ஆறு வருடம். அதை வைத்து அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்று, நானும் என் கணவரும் மகனுமாகப் பஸ் ஏறினோம். என் கணவர் எங்கே போனாலும் சாக்சபோனையும் கூட்டிக்கொண்டுதான் போவார். ஆகவே சுங்கச் சாவடியில் நின்றோம். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எங்களுக்காக நின்றார்கள்.

"என்னாய்யா இது?" என்றார் சாவடிக்காரர்.

"வாத்தியம்ங்க."

"நாயனம் மாதிரி இருக்குது, ஆனா வளைஞ்சி கெடக்குது."

"வாங்கும்போதே அப்படித்தாங்க."

பிரெஞ்சு எல்லையிலிருந்து பட்டும் பிராந்தியும் எந்தெந்தப் பொருளுக்குள் ஒளிந்து வரும் என்பது சாவடிக்காரருக்குப் பாடம். வாத்தியத்தின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். பாட்டில் எதுவும் அகப்படவில்லை. விரலில் பச்சைக் களிம்புதான் ஒட்டியது.

"விக்கக் கொண்டு போறியா? சொந்தமா இருந்தா வாசிச்சிக் காட்டு."

"என்னா வாசிக்கட்டும்?"

"வழக்கமா என்னா வாசிப்பே?"

"அது, எதிர்ல இருக்கிறவரு உயிரோட இருக்காரா இல்லியாங்கிறதப் பொறுத்துதுங்க."

சாவடிக்காரர் ஓரடி பின்வாங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போகச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் மகன் விழித்துக்கொண்டான். அம்மா வீட்டில் இதைச் சொன்னால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு முன்கதை தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கன்னியர் பள்ளியில் எட்டாவது முடித்தேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன். எங்கள் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் பிரித்துப் படித்துவிட்டு, அழலாமா வேண்டாமா என்று சொல்கிறவள் நான்தான்.

அந்தப் பெருமையோடு ஆற்றைத் தாண்டினால், இங்கே என் ஆங்கிலத்தை யாரும் சீந்தவில்லை. மகன் பிறந்ததைப் பதிய மேரிக்குப் போனோம். இவர்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்துக்கு அதுதான் பெயர். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட இடம் என்று எண்ணி முதல் தடவை நான் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அங்கே குமாஸ்தா என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் கௌரவம் விடாமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பி, "உங்க சம்சாரம் கைநாட்டா?" என்றார்.

பிறகு தகப்பன் தொழில் என்ன என்று கேட்டார்.

"ஜாஸ் பேண்டு" என்றார் இவர்.

"எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்ல. சொந்த பேண்டு."

"அப்ப யாவாரம்" என்று எழுதிக்கொண்டார் குமாஸ்தா.

அந்த யாவாரியின் மகன் இப்போது கன்னியர் நடத்தும் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் "நோன்" என்கிறான். குளிக்கக் கூப்பிட்டால் "நோன்". பிரெஞ்சில் அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அதை வைத்தே வீட்டை ஆள்கிறான்.

என் கணவர் பெயர் சவரிநாதன். கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எனக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் எழுதத் தெரியாது. ஆகவே இன்னொரு தடவையும் எழுதுகிறேன். சவரிநாதன்.

குருசுக்குப்பத்துக் கட்டுமரக்காரர் மகன். கோயில் பேண்டில் கிளாரினெட் கற்றுக்கொண்டு, பட்டாளத்து பேண்டோடு சைகோனுக்குப் போனார். அங்கே ஒரு ஓட்டல் தாழ்வாரத்தில் நின்று ஜாஸ் கேட்டிருக்கிறார். உள்ளே போக விடவில்லை. அதனால் ஜன்னல் வழியாக எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவுதான் கற்றுக்கொண்டேன் என்பார். திரும்பி வரும்போது கையில் பழைய சாக்சபோனும், பெட்டியில் கொஞ்சம் கிராமபோன் தட்டுகளும். இங்கே சர்க்கார் பேண்டில் சேரப் போனால், அந்த மாஸ்டர் சாக்சபோனை விளக்குமாற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "இத வெளிய வெச்சிட்டு நீ மட்டும் உள்ள வா" என்றாராம். இவர் வெளியே வந்து சாக்சபோனோடு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் சொந்த பேண்டு.

ஆறு பேர். ரெட்டியார்பாளையத்து அண்ணன் தம்பி இருவர் டிரம்பெட். பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து ஒருவர் பிடில், ஒருவர் பாஞ்சோ. டிரம் காதர் பாய். பகலில் தகரக் கடை வைத்திருப்பவர். சாக்சபோனில் ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைப்பதும் அவர்தான். "எங்க பேண்டு ஒழுகாது தங்கச்சி" என்று என்னிடம் பெருமை பேசுவார்.

3

இந்த ஊரில் பேண்டுக்கு இரண்டே வேலை. ஒன்று, கிளப்பிலும் கல்யாணத்திலும் துரைமார் ஆட்டத்துக்கு வாசிப்பது. மற்றது, கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்கு வாசிப்பது. சவப்பெட்டி வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து கல்லறை வரை முன்னால் பேண்டு போகவேண்டும். பேண்டு இல்லாமல் போனால், செத்தவர் ஏதோ களவாடிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும் என்பார்கள்.

ஆட்டத்துக்கு இவரிடம் தட்டுகள் இருந்தன. சாவுக்கு ஒன்றும் இல்லை. சோகப் பாட்டின் நோட்டெல்லாம் கோயில் பேண்டிடம் இருந்தது. போட்டிக்குப் பேண்டு வைத்தவனுக்கு அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை. முதல் சாவுக்குச் சொல்லி அனுப்பியபோது ஆறு பேரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், நம்ம கிட்ட இருக்கிற பாட்டயே மெதுவா வாசிச்சா என்னா?" என்றார் காதர் பாய்.

"எத?"

"அதான், மழையில குடைய மறந்துட்டு வந்தவன் பாட்டு."

அது ஒரு துள்ளல் ஆட்டப் பாட்டு. வாசித்துப் பார்த்தார்கள். இன்னும் மெதுவாக. இன்னும். காதர் பாய் டிரம்மின்மேல் கருப்புத் துணி போட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் வெற்றிலை மடிக்கலாம் என்கிற அளவுக்கு இழுத்தார். சாக்சபோன் அப்படி அழும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுப்படியில் இருந்த நான், காரணமே இல்லாமல் கடலூரை நினைத்து மூக்கைச் சிந்தினேன்.

அதற்குப் பிறகு பேண்டுக்கு வேலைக்குக் குறைவில்லை. சவரிநாதன் பேண்டு வந்தால் கல் மனசுக்காரனும் அழுவான் என்று ஊரில் பேச்சு. தட்டுகளில் இருந்த ஆட்டப் பாட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கல்லறைக்கு நடந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் கிளப்பில் ஆடுகிறவர்கள் எங்கள் சாவுகளுக்கு வருவதில்லை. எங்கள் சாவுகளுக்கு வருகிறவர்களைக் கிளப்பில் விடுவதில்லை.

விடுவதில்லை என்றுதான் நாங்கள் இருந்தோம்.

4

முசே கபிரியேல் என்று ஒரு பெரிய மனிதர். இங்கே ஐயாவுக்கு முசே, அம்மாவுக்கு மதாம். தமிழ்க் கிறிஸ்தவர்தான். கோர்ட்டில் உயர்ந்த உத்தியோகம், எப்போதும் கோட்டும் தொப்பியும். அவர் இறந்தபோது எங்கள் பேண்டுதான். குடை மறந்தவன் பாட்டை வீட்டு வாசலிலிருந்து கல்லறை வரை இழுத்தார்கள். அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஒரு வருடம் துக்கம் காத்து, கருப்பு ரிப்பனைக் கழற்றிய மாதத்தில் பிரெஞ்சுக்காரர்களின் தேசத் திருநாள் வந்தது. அந்த வருடம் கிளப்பில் சில தமிழ்க் குடும்பங்களையும் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். முசே கபிரியேலின் மகன் முசே லூயிக்குக் கிளப்பில் காரியதரிசி வேலையே கிடைத்திருந்தது. அவர், அவருடைய அத்தைமார், தாயார் மதாம் பிலோமின், அவர்களோடு பழகும் சில குடும்பங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் தாழ்வாரத்தில், மகனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கேட்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது.

நல்ல ஆட்டம். கூட்டம் சூடாகிவிட்டது. இவர் யாரையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, குடை மறந்தவன் பாட்டை அதன் சொந்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

முதலில் நின்றவர் முசே லூயி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இடுப்பில் கை வைத்தபடி, காலைத் தூக்கியது தூக்கியபடி நின்றார். சின்ன அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். பெரிய அத்தை எழுந்து தலை குனிந்தார். சாவுக்கு வந்திருந்த குடும்பங்கள் எல்லாம் இருந்த இடத்தில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெட்டி போவதற்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கின. இதைப் பார்த்த துரைமார், தங்களுக்குத் தெரியாத ஏதோ தேசிய கீதம் என்று நினைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். கூடம் முழுதும் ஒரு துள்ளல் பாட்டுக்கு மரியாதை செலுத்திக்கொண்டிருந்தது.

அப்போதும் தப்பித்திருக்கலாம். ஆனால் காதர் பாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜனங்கள் சிலுவை போடுவதைப் பார்த்ததும், பழக்கத்தில் அவர் கை தானாக மெதுவானது. டிரம் மெதுவானால் மற்றவர்களும் மெதுவாகத்தானே வேண்டும். இவர் கண்ணைத் திறப்பதற்குள் அது சாவுப் பாட்டாகவே ஆகிவிட்டது. அத்தைமார் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எப்போதோ தாயை இழந்த ஒரு வெள்ளைக்காரத் துரைகூட அழுதார்.

மதாம் பிலோமின் மட்டும் அழவில்லை. விசிறியால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. துக்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

முசே லூயி தாழ்வாரத்தில் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவ வெச்சி ஆட்டம் போட வெச்சிட்டியே. இது சாவுப் பாட்டா, ஆட்டப் பாட்டா?"

"பாட்டு ஒண்ணுதாங்க. வேகம்தான் வேற."

உண்மையைச் சொல்ல அது நேரமில்லை என்பது இவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

5

ஒரு வாரத்துக்குள் எல்லாம் போயிற்று. கிளப்பில் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். பங்குச் சாமியார் பூசையில், குடிகாரர் கூத்துக்கு வாசிப்பதையே கல்லறைக்கும் வாசிக்கிறார்கள் என்று பெயர் சொல்லாமல் திட்டினார். பெயர் சொல்லாவிட்டாலும் கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. சாவு வீட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் தாத்தாவும் மாமாவும் எந்த ஆட்டப் பாட்டோடு கல்லறைக்குப் போனார்கள் என்று வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் விவரம் கேட்டுவிட்டு, "எங்க மாமனாருக்கு அது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அப்படி இல்லை.

அந்த நேரம் பார்த்து சர்க்கார் பேண்டு மாஸ்டர் ஆள் அனுப்பினார். கிளாரினெட்டில் ஓர் இடம் காலி. உடுப்பு உண்டு, மாதச் சம்பளம் உண்டு. சாக்சபோனும் கூடாது, தனி பேண்டும் கூடாது. திங்கட்கிழமை காலை வந்து சேரவேண்டும்.

கடலூரிலிருந்து பார்த்தால் இது நல்ல சேதி. அப்பாவிடம் சொல்லியிருந்தால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார். நான் சொல்லவில்லை. சர்க்கார் பேண்டில் ஒரு சவரிநாதன் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் தாளம் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேரியில் அந்தக் குமாஸ்தா "எந்த ஆபீசு" என்று கேட்டபோது "சொந்த பேண்டு" என்று இவர் சொன்ன தோரணைக்காகவே இன்னும் ஆறு வருடம் குடித்தனம் செய்யலாம் என்று இருந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் வந்தார். இவர் பழைய கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போறதுதானா மாஸ்டர்?"

"போறேன். வேற என்னா செய்யச் சொல்ற?"

"உடுப்புல தங்கக் கலர் பொத்தான் வெச்சிருக்கானுங்க. நல்லா இருக்கும். ஓட்டல் வாசல்ல கதவு தொறந்து விடுவானே, அவன் மாதிரி."

இவர் சிரிக்கவில்லை. காதர் பாயும் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. எல்லாம் என் கையால வந்தது மாஸ்டர், அந்தக் கை என்னக் கேக்காம மெதுவாயிடுச்சி என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். மகன் இருவரையும் பார்த்து, யாரும் எதுவும் கேட்காமலே "நோன்" என்றான். அந்த வீட்டில் அப்போது சரியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

6

வாசலில் புஷ் வண்டி வந்து நின்றது. ஆள் பின்னாலிருந்து தள்ள, பெரிய மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி போகும் வண்டி. உள்ளே மதாம் பிலோமின். கருப்புக் கவுன், கருப்புக் குடை, பெரிய உடம்பு.

"மெதுவா, மெதுவா, பள்ளம்டா" என்று தள்ளுகிறவனை அதட்டிக்கொண்டே இறங்கினார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். திட்டு வாங்கினாலும் உட்காரவைத்து வாங்குவதுதானே மரியாதை.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர்தான் அந்தக் குழலு வாசிக்கிறவரா?"

"ஆமாங்க மதாம்."

"தம்பி, அன்னிக்கிக் கெடந்து அழுதாங்களே எங்க வீட்டு வாசல்ல, அது யாருக்காகன்னு நெனைக்கிற?"

"முசேவுக்காகத்தாங்க" என்றார் இவர்.

"அவருக்கா? ஊர்ல பாதிப் பேர் வீட்டுக்குக் கோர்ட்டு நோட்டீசு அனுப்புனவர். அவருக்கு அழ ஒருத்தன் வருவானா? பேண்டு வர்ற வரைக்கும் ஒரு கண்ணுல தண்ணியில்ல. எனக்கே வரலன்னா பாத்துக்கயேன். கூட்டம் வேடிக்கை பாக்குது, எனக்கு மானம் போவுது. அப்பத்தான் நீ ஊதுன. எல்லாம் உன் பாட்டுக்கு அழுதாங்க. நானும் அதுக்குத்தான் அழுதேன். எங்க வீட்டு மரியாதையக் காப்பாத்துனவன் நீ. லூயிகிட்டயும் சாமியார்கிட்டயும் நான் பேசிக்கிறேன்."

காதர் பாய் மெல்ல எழுந்து நின்றார். இவர் கிளாரினெட்டைப் பாயில் வைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்றார் மதாம். "எனக்கும் ஒரு நாள் நீதான் வரணும். எனக்கு வாசிக்கிறது, எவனும் எவளும் இடுப்பப் புடிச்சிக்கிட்டு ஆடுன பாட்டா இருக்கக் கூடாது. வேகமாவும் சரி, மெதுவாவும் சரி, யாரும் கேட்டிருக்கக் கூடாது. எனக்குன்னு புதுசா ஒண்ணு போடு. அது போடுறதா இருந்தாத்தான் நான் அவங்ககிட்ட பேசுவேன்."

"மதாம், நான் தட்டுல கேட்டு வாசிக்கிறவன். சொந்தமா பாட்டுப் போட்டதில்லீங்க."

"சொந்த பேண்டு, சொந்த பேண்டுன்னு ஊரெல்லாம் சொல்றியாமே. பாட்டு மட்டும் வாடகைக்கா?"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. சர்க்கார் பேண்டு மாஸ்டர் சாக்சபோனை வெளியே வைக்கச் சொன்னபோது எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"போடுறேன்" என்றார்.

மதாம் எழுந்து வண்டியில் ஏறினார். தெருக்கோடி வரை அதட்டல் கேட்டது. மெதுவா, மெதுவா, பள்ளம்டா. இவர் வாசலில் நின்று அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து கிளாரினெட்டை எடுத்துப் பெட்டியில் பூட்டினார். திங்கட்கிழமை சர்க்கார் பேண்டு மாஸ்டர் காத்திருந்ததாகக் கேள்வி.

7

மதாம் சொன்னபடி பேசினார். சாமியார், சாவுப் பாட்டு எதுவானாலும் முதலில் தனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டுக்கொண்டு கோபத்தை விட்டார். முசே லூயி கொஞ்ச நாள் முறைத்தார். தாயாரைவிட அதிகமாக முறைக்க அவரால் முடியாது. கிளப்பில் ஆட்டம் திரும்ப ஆரம்பித்தது.

பாட்டுக்குத்தான் பெரும்பாடு. பகலெல்லாம் ஊதுவார், ஏதோ ஒரு தட்டுப் பாட்டின் வால் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று வந்து விசாரித்தார்கள். ஒரு நாள் மூன்று சுரம் கீழே இறங்கியது, மறுபடி அதே மூன்று, பிறகு தடுக்கி விழுகிற மாதிரி ஒரு நீளமான சுரம். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். அது மதாமின் குரல். வண்டிக்காரனை அதட்டுகிற அதே மெதுவா, மெதுவா, பள்ளம். அந்த அதட்டலை நீட்டி, திருப்பி, உள்ளுக்குள் ஒரு ஜாஸ் குறும்பு வைத்து, முடிவில் பள்ளத்தைத் தாண்டி வண்டி ஓடுகிற மாதிரி விட்டிருந்தார். அழுகை வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. சைகோன் ஜன்னலில் கேட்டது எதுவும் அதில் இல்லை.

சாமியாருக்கு வாசித்துக் காட்டினார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, யாருக்கு என்றார். சொன்னதும், "அவங்களுக்கு என்னா, நல்லாத்தானே இருக்காங்க" என்றார்.

அதுதான் எங்கள் சங்கடம். எங்கள் பேண்டிடம் இருப்பதிலேயே சிறந்த பாட்டு, இந்த ஊரில் யாரிடமும் இல்லாத பாட்டு, வாக்குக் கொடுத்தபடி வேறு எங்கும் வாசிக்க முடியாது. கல்யாணத்துக்கும் கூடாது, வேறு சாவுக்கும் கூடாது. மதாமோ நாளுக்கு நாள் திடமாகிறார். காலையில் கடற்கரையில் நடக்கிறார், நாயைக் கூட்டிக்கொண்டு. கோயிலில் பார்த்தால் பேண்டுக்காரர் ஆறு பேரும் வரிசையாக வந்து உடம்பு எப்படி என்று விசாரிக்கிறார்கள். போன மழைக்கு மதாமுக்கு இருமல் என்று கேள்விப்பட்டு, காதர் பாய் டிரம்முக்குப் புதுத் தோல் போட்டுவிட்டார். நான் திட்டினேன். இவர் திட்டவில்லை.

ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு ஒத்திகை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். கடலூரிலிருந்து திரும்பி வந்த மறுநாளும் அப்படித்தான் நடந்தது. வாசலில் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. புஷ் வண்டி எங்கள் வீட்டெதிரே நின்றிருந்தது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. உள்ளே பாட்டு முடிந்தது. மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரனைப் போகச் சொல்லிக் குடையால் தட்டினார்.

"நல்லா வந்திருக்குதுன்னு தம்பிகிட்ட சொல்லு" என்றார் என்னிடம். "அவசரம் ஒண்ணுமில்லன்னும் சொல்லு."